இரவும் இரவச்சமும்

திருக்குறளின் பொருட்பாலில் 106ஆம் அதிகாரம் 'இரவு'. 107ஆம் அதிகாரம் 'இரவச்சம்'. முன்னதில், தக்கவரிடம் கேட்பதில் இழிவில்லை என்கிறார் வள்ளுவர். பின்னதில், ஒரு பசுவுக்குத் தண்ணீர் வேண்டுமென்று கேட்பதுகூட நாவுக்கு இழிவுதான் என்னும் எல்லைவரை போகிறார். அடுத்தடுத்து நிற்கும் இவ்விரு அதிகாரங்களும் ஒன்றையொன்று மறுக்கின்றனவா என்பது, குறள் பாடம் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் மாணவர் கேட்கும் வினா. மானம் கெடாமல் கேட்பது ஒன்று, மானம் கெடக் கேட்பதற்கு அஞ்சுவது மற்றொன்று என்று பரிமேலழகர் வகைப்படுத்தியதைச் சொல்லி அவ்வினாவை முடித்துவிடலாம். தேர்வுக்கு அது போதும்.

ஆனால், ஈகையைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் கொடுப்பவர் பக்கத்திலிருந்தே பேசிப் பழகியிருக்கிறோம். எவ்வளவு கொடுத்தோம், எத்தனை லாரிகள் போயின, எத்தனை பேர் பயன்பெற்றனர் என்பனவே நமது கணக்குகள். வாங்குபவர் உள்ளத்தில் அவ்வேளையில் என்ன நிகழ்கிறது என்பதற்கு வள்ளுவர் தனியாக ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். போரினால் ஊர் இழந்து வந்தவர்க்கு உதவுவது குறித்து எண்ணும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டாம் அதிகாரமே முன்வந்து நிற்கிறது. அதற்குக் காரணம் நூலறிவு மட்டுமன்று. நான் பணியாற்றும் கல்லூரியிலிருந்து சில கல் தொலைவில் ஈழத்திலிருந்து வந்தோர் முகாம் ஒன்று இருக்கிறது. ஆண்டுதோறும் அங்கிருந்து இரண்டு மூன்று பிள்ளைகளேனும் எங்கள் துறைக்குப் படிக்க வருகிறார்கள்.

*

1983 சூலைக் கலவரத்துக்குப் பின்னர் அலை அலையாகக் கடல்கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர். பலர் திரும்பிச் சென்றனர்; சிலர் மேலைநாடுகளுக்குச் சென்றனர். 2021இல் தமிழ்நாட்டு அரசு வெளியிட்ட கணக்கின்படி, நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 58,000க்கும் மேற்பட்டோரும், முகாம்களுக்கு வெளியே 34,000க்கும் மேற்பட்டோரும் வாழ்ந்தனர். வந்தபோது கைக்குழந்தைகளாக இருந்தவர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். தற்காலிகம் என்ற சொல்லுக்கு இவ்வளவு நீண்ட ஆயுள் வேறெங்கேனும் உண்டா என்று தெரியவில்லை.

'அகதி' என்ற சொல்லைக் கவனியுங்கள். கதி என்றால் புகலிடம், போக்கிடம். அது இல்லாதவர் அகதி. ஈழத்து எழுத்தாளர்கள் இதற்கு 'ஏதிலி' என்றொரு சொல்லையும் வழங்குகிறார்கள். இரண்டு சொற்களும் ஒருவரிடம் எது இல்லை என்பதைக்கொண்டே அவருக்குப் பெயரிடுகின்றன. 2021 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு இம்முகாம்களின் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியபோது, பெயரை மாற்றினால் வாழ்வு மாறிவிடுமா என்று கேட்டவர்கள் உண்டு. மாறிவிடாதுதான். ஆனால் பள்ளி வருகைப்பதிவேட்டில் தன் முகவரியாக 'அகதிகள் முகாம்' என்று எழுதவேண்டியிருந்த பிள்ளையிடம் கேட்டால் வேறு விடை கிடைக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை வகுப்பில் புறநானூறு நடத்திக்கொண்டிருந்தேன். பாரி மகளிர் கதை நாமனைவரும் அறிந்ததே. மூவேந்தர் பறம்பை முற்றுகையிட்டனர், பாரி மாண்டான், அவனுடைய மகளிரைக் கபிலர் அழைத்துக்கொண்டு வெளியேறினார். விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று அவர்களை மணந்துகொள்ளுமாறு வேண்டினார், இருவரும் மறுத்தனர். இருங்கோவேள் முன் நிற்கும்போது, அரசன் கேட்கப்போகும் வினாவை எதிர்பார்த்தவராய், இப்பெண்கள் இன்னாருடைய மகளிர், நான் இன்னான் என்று கபிலரே முந்திக்கொண்டு அறிமுகம் செய்கிறார். பிறகு அரசனுடைய குலப்பெருமையை விரிக்கிறார். அவன் இரங்கவில்லை.

அன்றைய வகுப்பில் முகாமிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். வழக்கமாகப் பேசாத பெண். "ஐயா, கபிலர் வாசல் வாசலாகப் போய் அவங்களுக்காகப் பேசுறார். அந்தப் பிள்ளைங்க அப்போ என்ன சொன்னாங்க? அதுக்குப் பாட்டு இல்லையா?" என்றாள்.

பாட்டு இல்லை. குன்றும் தந்தையும் இருந்த நிலவொளி நாளை எண்ணிப் பாடிய ஒரே பாட்டுத்தான் அவர்கள் பெயரில் உள்ளது. அதற்குப் பின் அவர்களைப் பற்றி மற்றவர்களே பேசுகிறார்கள். அவர்களுடைய பெயர்கூடப் புறநானூற்றில் இல்லை. அங்கவை, சங்கவை என்பன பிற்கால வழக்கு. கபிலரின் அன்பில் எவர்க்கும் ஐயமில்லை. நண்பனின் மக்களை ஓரிடத்தில் ஒப்படைத்துவிட்டே அவர் வடக்கிருந்து உயிர் துறந்தார். ஆயினும், போரில் எல்லாம் இழந்த இரு பெண்களின் வாழ்வு குறித்து மூன்று ஆடவர் வழக்காடிக்கொண்டிருக்க, அப்பெண்கள் வாயிலில் நின்றுகொண்டிருக்கிறார்கள். அந்நிற்றலின் கனத்தை எந்த உரையாசிரியரும் எனக்குக் காட்டவில்லை. அம்மாணவிதான் காட்டினாள்.

*

பின்னொரு நாள், உதவித்தொகைப் படிவத்தில் கையொப்பம் வாங்கவேண்டியிருந்ததால் அவளுடைய வீட்டுக்குச் செல்ல நேர்ந்தது. பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்று. நடுவே ஒரு பழைய சேலை திரையாகத் தொங்கியது. திரைக்கு இப்பால் அடுப்பும் பாத்திரங்களும். அப்பால் பெட்டிகளும் புத்தகங்களும். அவளுடைய தாயார், "வாங்க சேர், இருங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும்" என்றார். இருந்த ஒரே நாற்காலி எனக்குத் தரப்பட்டது.

பேரிடர்க் காலங்களில் உதவி எவ்வாறு அமையவேண்டும் என்பதற்கு 1997இல் தொடங்கிய 'ஸ்பியர்' என்னும் பன்னாட்டு முயற்சி சில குறைந்தபட்ச அளவுகளை வகுத்திருக்கிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர். ஆளுக்குக் கூரைக்கடியில் 3.5 சதுர மீட்டர் இடம். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு அது 14 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 150 சதுர அடி. பத்துக்குப் பத்து அறை 100 சதுர அடிதான். இது பேரிடர்க் காலத்துக்கென வகுத்த குறைந்தபட்ச அளவு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அவ்வளவையும் எட்டாத அறைகளில் ஒரு தலைமுறை பிறந்து, படித்து, மணமாகி, பிள்ளை பெற்றிருக்கிறது.

அந்தத் தாயார் சொன்ன வரலாறு இது. அவருடைய பாட்டனார் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். மண்டபத்தில் நிறுத்திவைத்து, நோய் இல்லை என்று பார்த்துப் பின்னரே கப்பலேற்றினார்களாம். 1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைப் பங்கிட்டது. பாரி மகளிரைப் போலவே அவர்களையும் யாரும் கேட்கவில்லை. 1977 கலவரத்தில் குடும்பம் தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் பெயர்ந்தது. 1990 சூனில் மீண்டும் போர் மூண்டபோது, பன்னிரண்டு வயதுச் சிறுமியாக அவர் மன்னார்க் கரையிலிருந்து படகேறினார். வந்து இறங்கிய பின் கொண்டுபோய்த் தங்கவைத்த இடம் அதே மண்டபம். ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைக்குப் போகும் தொழிலாளரை நிறுத்திவைத்த முகாமே, பின்னர் அங்கிருந்து வருவோரைப் பதிவுசெய்யும் முகாமாயிற்று. பாட்டனார் போன வாயில் வழியாகவே பேத்தி திரும்பி வந்தார். ஆனால் வந்தபோது அவர் அயல்நாட்டவர்.

"கரையில ஒரு மீன்காரம்மா கஞ்சி குடுத்தாங்க சேர். எங்க அம்மா மயங்கிக் கிடந்தாங்க. அந்தம்மா எங்க பேரைக்கூடக் கேக்கல. குடிங்க, குடிங்கன்னு மட்டும்தான் சொன்னாங்க. அதுக்குப் பிறகு எல்லாரும் பேர் கேட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் கேக்கிறாங்க."

அவர் குறிப்பிட்டது முகாமில் நடக்கும் 'செக்கிங்'. குறித்த நாளில் அதிகாரிகள் வருவார்கள். குடும்பத்தார் அனைவரும் முன்னிற்க வேண்டும். பெயர் வாசிக்கும்போது ஆள் இல்லையென்றால் பதிவு வெட்டுப்படும், பணக்கொடை நின்றுபோகும் என்ற அச்சம். வெளியூரில் வண்ணமடிக்கப் போனவர் கூலியை விட்டுவிட்டு இரவுப் பேருந்தில் ஓடிவருவார். மாணவி வகுப்புக்கு விடுப்பெடுப்பாள். தொ. பத்திநாதன் எழுதிய 'போரின் மறுபக்கம்' என்ற தன்வரலாற்று நூல் முகாம் வாழ்வை உள்ளிருந்தே காட்டுகிறது. படிக்காதவர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெயர் கேட்காமல் கஞ்சி கொடுத்த கை உயர்ந்தது; ஐயமில்லை. ஆனால் பெயரைப் பதிவதும் உதவியின் ஒரு பகுதியே. பதிவு இருந்தால்தான் அரிசி வரும். பிள்ளை பள்ளியில் சேரும். தொலைந்த உறவினரைத் தேட முடியும். காப்பதற்காகப் பெயரைக் கேட்பது ஒன்று. ஓடிவிட்டாயா என்று பார்ப்பதற்காக முப்பதாண்டுகள் கேட்டுக்கொண்டேயிருப்பது வேறொன்று. மானம் கெடாத இரவுக்கும் மானம் கெட வரும் இரவுக்கும் நடுவிலுள்ள கோடு அங்கேதான் ஓடுகிறது.

*

தமிழ்நாடு ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது நன்றி மறத்தல். இந்தியா 1951ஆம் ஆண்டின் ஏதிலியர் உடன்படிக்கையில் ஒப்பமிடாத நாடு. சட்டக் கடமை இல்லாத நிலையிலும், பணக்கொடை, குறைந்த விலை அரிசி, பள்ளிக்கல்வி, அரசு மருத்துவமனை ஆகியவை இம்மக்களுக்குக் கிடைத்தன. கிலோ 57 காசுக்கு அரிசி வாங்கியதை முகாமின் முதியோர் இன்றும் சொல்வர். 2021இல் மாதப் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாகவும் மற்றப் பெரியவர்க்கு 1,000 ரூபாயாகவும் சிறுவர்க்கு 500 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. 7,469 புதிய வீடுகள் கட்டும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. பொருளைவிடப் பணமாகக் கொடுப்பதே பெறுபவரின் தன்மதிப்புக்கு ஏற்றது என்று உலகத் தொண்டு நிறுவனங்கள் அண்மைக் காலத்தில்தான் அழுத்திச் சொல்லத் தொடங்கின. இங்கு அது முன்பே நடைமுறையில் இருந்தது.

ஆயினும் அருளுக்கும் உரிமைக்கும் உள்ள வேற்றுமை 1991இல் வெளிப்பட்டது. இராசீவ் காந்தி கொலையுண்ட பின் முகாம்களுக்குள் தொண்டு நிறுவனங்கள் நுழையத் தடை வந்தது. கல்லூரி இடங்கள் நிறுத்தப்பட்டன. அக்கொலையில் எத்தொடர்பும் இல்லாத சிறுவர்களின் படிப்பு அறுந்தது. 1996க்குப் பின்னரே கதவுகள் மெல்லத் திறந்தன. அருளாகக் கொடுத்ததைச் சினம் வந்தபோது திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். உரிமையாக ஏற்றதை அவ்வாறு செய்ய இயலாது.

கடல்வழியே சென்ற உதவிகளின் கதையும் இத்தகையதே. 1987 சூன் 3ஆம் நாள் நிவாரணப் பொருள்களுடன் யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பியனுப்பியது. மறுநாள் இந்திய விமானங்கள் சுமார் 25 டன் பொருள்களை வானிலிருந்து போட்டன. 'பூமாலை' என்று அச்செயலுக்குப் பெயர். முற்றுகையிலிருந்த குடாநாட்டு மக்கள்தொகைக்கு 25 டன் எம்மாத்திரம்? அது பசிக்கு அனுப்பியது என்பதினும் கொழும்புக்கு அனுப்பிய செய்தி என்பதே பொருத்தம். 2009இல் ஐரோப்பியத் தமிழர்கள் சுமார் 880 டன் பொருள்களைத் திரட்டி 'வணங்காமண்' என்று அனுப்பிய கப்பலும் திருப்பப்பட்டது. சென்னையில் இறக்கப்பட்டு, வேறு கப்பலில் கொழும்பு சென்று, அத்துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடந்தன அப்பொருள்கள். அதற்குள் போரே முடிந்துவிட்டது. உதவிக்கு நெஞ்சம் மட்டும் போதாது, வழி திறக்க வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

வழி மூடியதன் விலையையும் அவ்வாண்டுகளே காட்டின. 2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். போகாதீர்கள் என்று மக்கள் வாயிலில் கூடி மன்றாடினர். சாட்சியாக இருப்பதும் ஓர் உதவியே என்பதை அம்மக்கள் அறிந்திருந்தார்கள். 2009 பிப்ரவரி முதல் மே வரை, புதுமாத்தளன் கரையிலிருந்து செஞ்சிலுவைச் சங்கக் கப்பல், காயமுற்றோரும் நோயாளரும் உடன் சென்றோருமாக ஏறத்தாழ 14,000 பேரை ஏற்றிச் சென்றது. போர் முடிந்த பின் செட்டிகுளத்து மெனிக் முகாமில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டனர். அங்கே உணவு வந்தது; மருத்துவர்கள் வந்தார்கள்; கம்பிவேலியைத் தாண்டத்தான் பல மாதங்கள் அனுமதியில்லை. வயிறு நிறைவதும் வாழ்வு மீள்வதும் ஒன்றல்ல.

*

உதவி பெறுவோரே உதவி செய்வோராக மாறும்போதுதான் இரவச்சம் நீங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தின் சிறப்பு அதுதான். வந்தவர்களே வந்தவர்களுக்கு ஆசிரியராகவும் செவிலியராகவும் பணியாற்றினர். 2004 ஆழிப்பேரலைக்குப் பின், அம்மக்களிலிருந்தே தன்னார்வலர்கள் நாகைக் கரைக்குச் சென்று வீடிழந்தோரோடு அமர்ந்தனர். வீடிழத்தலைப் பற்றி அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை.

நான் கண்ட முகாமிலும் அவ்வாண்டு அரிசி திரட்டினார்களாம். தாயார் சொன்னார்: "ஒரு வீட்டுக்கு ஒரு கிலோ. ரேசன் அரிசிதான் சேர். ஆனா நாங்க குடுத்தோம்." 'நாங்க குடுத்தோம்' என்ற இரு சொற்களையும் சொல்லும்போது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன? பழந்துணி மூட்டைகள் வேண்டா. படிவங்களை நிரப்பத் துணைநில்லுங்கள். சான்றிதழில் ஓரெழுத்துப் பிழையானதற்காகப் படிப்பு நின்ற பிள்ளைகள் உள்ளனர். கல்லூரிகளில் பணிபுரிவோர், செக்கிங் நாளில் வரும் விடுப்பை விடுப்பாகக் கருதாதிருக்க வழி காணலாம். வேலைக்கு ஆள் எடுப்போர், முகாம் முகவரியைக் கண்டதும் விண்ணப்பத்தை ஒதுக்காதிருக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னதாக, என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேட்கலாம்.

பெரிய கதவு சட்டத்தின் கையில் இருக்கிறது. 1987 சூலை 1க்குப் பின் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை பெறுவார். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களைக் குறிப்பிட்டது. இலங்கை அவற்றுள் இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 சனவரி 9 வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழர்க்கு, உரிய ஆவணமின்றித் தங்கியிருப்பதற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்களித்தது. குற்றவாளி அல்லர் என்றாயிற்று. குடிமக்கள் என்று இன்னும் ஆகவில்லை.

அம்மாணவி எங்கள் துறையிலேயே முதுகலையும் முடித்தாள். இந்த மண்ணில் பிறந்தவள். இந்த மொழியில் பட்டம் பெற்றவள். அவளுடைய முப்பாட்டனாரின் ஊர் இங்கிருந்து ஒரு பகற்பொழுதுப் பயணம். அரசுப் பணிக்கான விண்ணப்பத்தில் குடியுரிமை என்ற கட்டத்துக்கு வந்ததும் அவளுடைய பேனா நிற்கிறது. இப்போது ஒரு தனியார் பள்ளியில் குறைந்த ஊதியத்துக்குத் தமிழ் கற்பிக்கிறாள். மாலையில் முகாமில் இருபது பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொல்கிறாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திருக்குறள் நடத்துவதாகவும், அவர்களும் வினா எழுப்புவதாகவும் அண்மையில் தொலைபேசியில் சொன்னாள். என்ன விடை சொன்னாய் என்று கேட்டேன்.

"நீங்க சொன்ன உரையைச் சொன்னேன் ஐயா. அப்புறம், யாரும் கேட்கவேண்டிய நிலைமை வராத ஊர் எப்படி இருக்கணும்னு ஒரு பக்கம் எழுதிட்டு வரச் சொன்னேன்" என்றாள்.